மிச்சத்தையும் வாசி

அக்காவுக்கு எதையாவது வாசித்துக் காட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போனவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையை வாசித்தால் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர்வரை வாசிக்க வேண்டும். மாத்திரை அட்டை என்றால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலத்தையும் விடக்கூடாது. "அவ்வளவுதான் அக்கா" என்று மடித்துக் கொடுத்தால் உடனே வாங்க மாட்டாள். தாளை விரித்து, விரலால் மேலிருந்து அடிவரை ஒரு தடவு தடவுவாள். பிறகு ஒரே சொல்.

"மிச்சம்?"

அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் பொறுமைக்காரி இல்லை. அப்போது குலசேகரம் சந்தைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பொம்பளை கையில் ஸ்குரூ டிரைவரைப் பார்த்துவிட்டு "கடைக்காரர் இல்லியா?" என்று கேட்கிறவர்களுக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லிச் சொல்லி என் நாக்கு அரிவாள்மணை ஆகியிருந்தது. அக்காவிடம் மட்டும் அந்த நாக்கு செல்லாது.

அக்காவின் வீடு திருவட்டாறு போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருந்தது. கூடப் பிறந்தவள் இல்லை, பழக்கத்தில் அக்கா; என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இருபத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சலோடு இரண்டு கண்ணும் போய்விட்டது. அதன்பிறகு படித்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகப் பதினாறு வருஷம் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் தானாகவே 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று பேசும் பெட்டியை வைத்தார்கள். அக்காவுக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு வருகிற மெயில்களைக் கடையில் இருந்தபடி போனில் வாசித்துச் சொல்வது நான்தான். அது ஒரு தண்டனை. அவளுடைய காது நாம் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரு தடவை பாதி வாசிக்கும்போது சொன்னாள்: "மூச்ச இழுத்த. அடுத்த வரி நல்லதில்லல்லா? கொழப்பமில்ல, வாசி." அடுத்த வரி நல்லதாகத்தான் இல்லை. இன்னொரு தடவை, "ஏட்டி, தலைய திருப்பி ஆர பாத்த? சத்தம் அந்தால போச்சு" என்றாள். கடை வாசலில் கொரியர்காரன் நின்றிருந்தான். 

அந்த வருஷம், சரியாகச் சொன்னால் இரண்டாயிரத்துப் பதினொன்றின் கடைசியில், அக்கா சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள். நான்தான் பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். விண்டோஸ் போடப் போனேன். தடுத்துவிட்டாள்.

"எனக்க கூடப் படிச்சவ ஒருத்தி திருவனந்தபுரத்துல இருக்கா. அவ லினக்ஸாக்கும் வச்சிருக்கா. அதுல திரையில உள்ளத வாசிச்சுப் பேசுகதுக்கு தனியா ஒண்ணும் வாங்காண்டாம், கூடவே வரும். சீடி அனுப்பியிருக்கா. நானே போடுவேன். நீ பக்கத்துல இரி, போதும். மானிட்டரு வேண்டாம்."

"மானிட்டரு இல்லாம எப்படிக்கா போட? எனக்கே அத ஏத்தி முடிக்கதுக்குள்ள நாக்கு தள்ளிரும்."

"நீ பாத்துப் போட்டா அது உனக்க கம்ப்யூட்டரு. நான் கேட்டுப் போட்டாதான் எனக்குள்ளது."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் வாசித்துக் கொடுத்தவளை ஒரு பெட்டியை வைத்து வெட்டிவிடுகிறாள் என்று தோன்றியது. கேட்டும் விட்டேன்.

"நான் என்னக்கா, இதுவரைக்கும் உங்களுக்குப் பொய்யா வாசிச்சேன்?"

"இதுவரைக்கும் இல்ல" என்றாள் அக்கா, சாதாரணமாக.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். அன்றைக்கென்று அவள் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருந்தது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்கு நேர்முகம் போய் வந்திருந்தாள். முடிவை வெள்ளிக்கிழமை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த அவளுடைய தங்கை நேரம் தவறாமல் சோறு கொண்டுவந்து வைத்தாள். அந்தச் சோறுதான் அக்காவுக்கு இறங்கவில்லை.

"அந்த லெட்டர எனக்கு முன்னால ஒரு ஆளும் வாசிக்கப்பிடாது. நீயும்தான். மனசிலாச்சா?"

மேசையில் பெட்டி, விசைப்பலகை, இரண்டு சின்ன ஸ்பீக்கர், இன்டர்நெட் மோடம், யுபிஎஸ். மானிட்டரை அணைத்து மூலையில் திருப்பி வைத்திருந்தேன். அக்கா சீடியைத் தள்ளினாள். காத்திருந்தோம். பெட்டியிலிருந்து ஒரு 'பீப்' வந்தது. பேசிக்கொண்டே ஏறச் சொல்லி அக்கா எஸ்ஸையும் என்டரையும் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவன் பேசுவதுபோல ஸ்பீக்கரில் ஆங்கிலம் கிளம்பியது.

ஒன்று என்றால் இந்த மொழி, இரண்டு என்றால் அந்த மொழி என்று அது வரிசையாகச் சொல்ல, அக்கா எண்ணைத் தட்டித் தட்டிப் பதில் சொன்னாள். நாடு, நேரம், பெயர், கடவுச்சொல். திரையில் ஒரு வெளிச்சமும் இல்லாமல் வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற நான் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்தக்கூட எனக்கு அனுமதி இல்லை.

எல்லாம் பெட்டியில் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான், நான் கேட்காமலே, அவள் அதைச் சொன்னாள்.

"எனக்கு நிச்சயம் ஆன ஆளு ஷார்ஜாவுல இருந்தான். நாலாம் மாசம் எனக்கு கண்ணு போச்சு. அவன் வேண்டாம்னு எழுதிட்டான். ஒரே ஒரு லெட்டரு. அத அம்மையும் தங்கச்சியும் எனக்கு எப்படி வாசிச்சா தெரியுமா? 'லீவு கிட்டல்ல, அடுத்த வருசம் வாறேன், மருந்த முடக்காத'ன்னு. அதுக்குப் பொறவு லெட்டரே வரல்ல. வராத லெட்டரயும் வாசிச்சா. போஸ்ட்மேனு மணியடிச்சா போதும், தங்கச்சி ஏதாவது ஒரு தாள எடுத்துட்டு வந்து நின்னு வாசிப்பா. நான் பதிலு சொல்லுவேன், அவ இருந்து எழுதுவா. அதெல்லாம் எந்த அடுப்புல போச்சோ. எட்டு மாசம்."

"பின்னே எப்படித் தெரிஞ்சுது?"

"மார்த்தாண்டம் போற பஸ்ஸுல. பின்சீட்டுல அவனுக்க சத்தம். கூட ஒரு பொண்ணு. அவளுக்கு வாங்குன வளையலு கைக்கு லூசா இருக்குன்னு பேச்சு. தங்கச்சி எனக்க கைய இறுக்கிப் பிடிச்சா பாரு, அப்போ எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு."

"நானா இருந்தா பொய்யா வாசிச்ச ரெண்டு பேரயும் வெட்டிப் போட்டிருப்பேன்."

"எதுக்கு வெட்ட? அவிய ஏமாத்தல்ல மக்களே, இரக்கப்பட்டாவ." சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "ஆனா அது எனக்க எட்டு மாசம் இல்லியா? ஒருத்தன நெனச்சு மருந்து குடிச்சேன்."

ஏறி முடிந்தது. பெட்டி தன்னைத் தானே அணைத்துத் திரும்பவும் கிளம்பியது. சீடி வெளியே வந்தது. இனி அது சொந்தமாகப் பேச வேண்டும். அக்கா இரண்டு கையையும் விசைப்பலகைமேல் வைத்துக் காத்திருந்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அக்கா கடவுச்சொல்லைக் குத்துமதிப்பாகத் தட்டிப் பார்த்தாள். ஏதேதோ கட்டைகளைத் தட்டினாள். ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். பெட்டிக்குள் விசிறி ஓடும் சத்தம்தான். ஏற்றும்போது அவ்வளவு நேரம் பேசிய பெட்டி, ஏறி முடிந்ததும் வாயை மூடிக்கொண்டது. அக்காவின் மேலுதட்டில் வியர்த்திருந்தது. மணி மூன்று ஆகிக்கொண்டிருந்தது.

"செரி" என்றாள் கடைசியில். "மானிட்டர போடு."

அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். நான் மானிட்டரைத் திருப்பிப் போட்டேன். திரை பளிச்சென்று இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, பேசும் நிரல் உட்பட. சத்தம் மட்டும்தான் வெளியே வரவில்லை.

"அப்படியே நெட்டயும் மெயிலயும் சரியாக்கி வச்சிரு. சத்தம் வந்ததும் நான் கேக்கேன். தொறக்காத."

சத்தியமாக நான் திறக்கவில்லை. மெயில் நிரலை அமைத்ததும் கடிதங்கள் இறங்கின. மேலே இருந்த புதுக் கடிதத்தின் தொடக்கம் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் தானாகவே தெரிந்தது. நாலு வரி. கல்லூரியிலிருந்து. தாங்கள் விண்ணப்பித்த பணிக்குத் தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று ஆங்கிலத்தில்.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"மெயிலு வந்துதா?"

"இறங்கிட்டிருக்குக்கா" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

அந்தக் கட்டத்தைக் கண்ணுக்கு முன்னால் இருந்து மறைக்க வேண்டும்போல இருந்தது. சத்த அளவைச் சரிசெய்யும் மிக்ஸரைத் திறந்து அதன்மேல் விரித்தேன். திறந்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சத்த அளவைக் காட்டும் முதல் கம்பத்தின் அடியில் இரண்டு எம் எழுதியிருந்தது. வாய்ப்பூட்டு போட்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாக ஏற்றிய சில பெட்டிகள் இப்படித்தான் ஊமையாகக் கண் விழிக்கும். எம் என்ற கட்டையை ஒரு தடவை தட்டினால் பூட்டு திறந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

தட்டினேன். ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒன்று வந்து, மெல்லிய இரைச்சல் கேட்டது.

இனி அவள் ஒரு கட்டையைத் தொட்டால் பெட்டி பேசும். பேசினால் முதலில் அந்தக் கடிதத்தைத்தான் கேட்பாள். இரண்டு வருஷம் காத்திருந்து, மத்தியானம் முழுக்கத் தானாகவே ஏற்றி, அந்த மூக்கடைத்த குரல் அவளிடம் சொல்லப்போகிற முதல் செய்தி இதுவா? இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்படித்தான் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விரல் எம்மை மறுபடி தட்டிவிட்டது. இரைச்சல் நின்றது.

"சவத்தெழவு, சவுண்டு கார்டு அவுட்டுக்கா" என்றேன். "நாளைக்குக் கடையில இருந்து வேற கார்டு கொண்டு வாறேன்."

 வெளியே காய்ந்துகொண்டிருந்த ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை ஜன்னல் வழியே வந்தது. நான் பையில் ஸ்குரூ டிரைவரைப் போட்டேன்.

"ஏட்டி."

"என்னக்கா?"

"இப்போ ஒரு கட்டைய அடிச்ச. பெட்டி மூச்சு விட்டுது. அதே கட்டைய ரெண்டாமதும் அடிச்ச. மூச்சு நின்னுது." பெட்டிமேல் கையை வைத்தாள். "கார்டு அவுட்டானா மூச்சு வருமா?"

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"லெட்டரு வந்தாச்சு. நல்ல லெட்டரா இருந்தா நீ இந்நேரம் துள்ளியிருப்ப. இல்லியா?"

"அக்கா, நான் வந்து..."

"எந்தக் கட்ட?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து எம் மேல் வைத்தேன்.  

"மானிட்டர அணைச்சிட்டு முத்தத்துல போய் நில்லு."

முற்றத்தில் கொடிகளில் ரப்பர் ஷீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கு நடுவே நின்று அழுதேன். அவளுக்காகவா, மாட்டிக்கொண்டதற்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். உள்ளே 'டப்' என்று கேட்டது. இரைச்சல். பிறகு அந்தக் குரல். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரியாக வாசித்தது. எனக்குத் தெரிந்த நாலு வரிகள். 'வருத்தத்துடன்' வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குரல் நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கால் எடுத்தும் வைத்துவிட்டேன்.

மறுபடியும் கட்டையின் சத்தம். குரல் தொடர்ந்தது. இன்னொரு கட்டை. இன்னொரு வரி. எனக்குத் தெரியாத வரிகள் வந்துகொண்டே இருந்தன. அந்தச் சின்னக் கட்டத்துக்குக் கீழே இவ்வளவு இருக்கிறது என்று நான் இழுத்துப் பார்க்கவே இல்லை.

"ஏட்டி! மணி என்னா?"

"மூணு நாப்பது!"

"உள்ள வா! நாலு மணிக்குள்ள பதிலு போடணுமாம்!"

கீழே இருந்த வரிகள் சொன்னது இது: அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனால் கல்லூரியில் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்திக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். காதால் கேட்டுத் தாமாகவே கணினியை இயக்கத் தெரிந்தவர் என்றால் திங்கட்கிழமை செய்துகாட்ட வரலாம். விருப்பத்தை இன்று நான்கு மணிக்குள் தம் கையாலேயே எழுதி அனுப்ப வேண்டும். நாளைக்குக் கார்டு கொண்டுவந்து, பக்குவமாகச் சொல்லியிருந்தால்? 

அக்கா தட்டத் தொடங்கி இரண்டு வரி ஆகவில்லை, கரண்ட் போனது. அந்த வருஷம் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. யுபிஎஸ் 'கீக் கீக்' என்று கத்த ஆரம்பித்தது. பெட்டியும் மோடமும் அதன் தயவில்தான். அது பழையது, எத்தனை நிமிஷம் நிற்கும் என்று எனக்கே தெரியாது.

"மானிட்டரு அணைஞ்சிதான இருக்கு. கொஞ்சம் கூடுதலா நிக்கும்" என்றாள் அக்கா. கை நிற்கவில்லை. அந்தக் கீக் சத்தத்துக்கு மேலே பெட்டியின் குரல் வரவேண்டியிருந்ததால் தலையை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டாள். ஒரு இடத்தில் பிழை விழுந்தது. திரும்பிப் போய்த் திருத்தினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முடிஞ்சுதாக்கா? அனுப்புங்க, அனுப்புங்க!"

"இரி. ஒருமட்டம் வாசிச்சுக் கேட்டுட்டுதான் அனுப்புவேன்."

"ஐயோ, யுபிஎஸ் இப்போ நிக்கும்!"

"நிக்கட்டு."

முதல் வரியில் இருந்து கேட்டாள். பெறுநர் பெயரில் இருந்து தன் கையெழுத்துவரை. நடுவில் யுபிஎஸ்ஸின் கீக் இடைவெளி விடாமல் ஒரே கூவலாக மாறியது. எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. கடைசி வரி முடிந்தது. தட்டினாள். போய்விட்டது என்று பெட்டி சொல்லிற்று. அடுத்த நொடியா, அதற்கடுத்த நொடியா தெரியாது, எல்லாம் அணைந்துவிட்டது. விசிறியும் நின்றது.

"நெசமா போச்சா அக்கா?"

"அது சொல்லிச்சு. அதுக்கு எனக்க மேல இரக்கம் ஒண்ணும் கிடையாது."

பிறகு சாயா போட்டாள். தங்கை கொண்டுவந்து வைத்திருந்த வேகவைத்த மரச்சீனிக் கிழங்கை எடுத்துவைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ நல்லவதான் மக்களே, அதுக்குதான் எனக்குப் பயம்" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை போனாள், செய்துகாட்டினாள், வேலை கிடைத்தது. தினமும் காலை பஸ்ஸில் போய் வந்தாள். பெட்டிக்குத் தமிழும் வரவைத்தாள். அதன் தமிழைக் கேட்டு நான் சிரித்தால், "ழ வராட்டா போட்டு. பொய் வராதுல்லா" என்பாள். போகப் போக வாசிக்கும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். நமக்குக் கேட்டால் கொதிக்கிற எண்ணெய் மாதிரி இருக்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும். நான் அடிக்கடி போய்க்கொண்டுதான் இருந்தேன். மரச்சீனியும் மீன்கறியும் தந்தாள், ஊர்க்கதை பேசினாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு தாளைக்கூட என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும் அந்த ஒரு சொல் என் பக்கம் வரவே இல்லை. அது எனக்குப் பெரிய குறை.

நாலு வருஷம் கழித்து எனக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பரிசோதனை முடிவு மெயிலில் வந்தது. என் வீட்டுக்காரர்தான் முதலில் வாசித்தார். "ஒண்ணும் இல்லட்டி. சும்மா ஒருமட்டம் வரச் சொல்லியிருக்காவ" என்றார். சொல்வதற்கு முன்னால் மூச்சை இழுத்தார். எனக்குக் கேட்டது.

நானே வாசிக்கலாம்தான், எனக்குக் கண் இருக்கிறதே. மூன்று தடவை திறந்தேன். முதல் வரிக்குக் கீழே கண் இறங்க மாட்டேன் என்றது. பென்டிரைவில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பிறகு அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி முளைத்தது. அக்காவும் தங்கை குடும்பத்தோடு திருவனந்தபுரம் பக்கம் போய்விட்டாள். அதெல்லாம் பிந்தின கதை. அன்றைக்கு அவள் என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பென்டிரைவைச் செருகினாள். காதைக் கிட்டே வைத்து எந்த ஃபைல் என்று மட்டும் தெரிந்துகொண்டு உள்ளே கேட்காமல் நிறுத்தினாள். வேகத்தைக் குறைத்துக் குறைத்து, எனக்கு விளங்குகிற அளவுக்குக் கொண்டுவந்தாள். என் விரலைப் பிடித்து அம்புக்குறிக் கட்டையில் வைத்தாள்.

"ஒரு அடிக்கு ஒரு வரி. பைய கேளு."

எழுந்து, சுவரைத் தொட்டபடி வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்த்தேன். ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே, நான் நின்ற அதே இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

கட்டையை அழுத்தினேன். என் பெயர், வயது என்று குரல் முதல் வரியை வாசித்து நின்றது. விரல் அப்படியே இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

முற்றத்திலிருந்து, திரும்பாமலே, அக்கா கேட்டாள்.

"மிச்சம்?"

அழுத்தினேன்.